அடுத்த டியூட்டிக்கு முன்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ ஒருத்தி எப்படி இருக்கிறாய் என்பதுதான் மூன்று வாரமாகத் தெரியவில்லை.

மூன்று ஞாயிறும் போன் செய்தேன். மணி போகிறது, நீ எடுப்பதில்லை. மறுநாள் 'பிறகு பேசுகிறேன்' என்று ஒரு வரி வருகிறது. அந்தப் 'பிறகு' எந்தக் கிழமையில் வரும் என்று சொன்னால் அன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். "அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நீ சும்மா நச்சரிக்காத" என்கிறாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சமையலறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சரி, கடிதம் என்றால் கதவுக்கு அடியில் கிடக்கும், எப்போதாவது உன் காலில் தட்டுப்படும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக நான் உனக்குக் கடிதம் எழுதியது நீ மருத்துவம் படிக்கப் போன வருஷம். பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவாய். இப்போதும் அனுப்பலாம்.

சிட்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேரைக் கேட்டால் 'ஹிட்டு' என்கிறாள். அத்தை வந்து புதுப் பல் வைப்பாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அத்தை பல் டாக்டர் இல்லை என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். ஆனால் நீ பக்கத்தில் இருந்தால்தான் மேசையில் படுப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

என் பிழைப்பு அப்படியேதான். அதே டவுன் பஸ் டிப்போ, அதே நாற்காலி, நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள். யாருக்கு எந்த வண்டி, யாருக்கு எப்போது ஓய்வு என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். ஒட்டிய ஐந்தாவது நிமிஷம் வசவு ஆரம்பமாகிவிடும். போன வாரம் ஒருவர், "என் பேரை எழுதுறப்ப மட்டும் உங்க பேனாவுல மை நிறைய வருதா சார்?" என்று கேட்டார்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பிஸ்கட் சாப்பாடு ஆகாது.

அம்மாவின் ஆசியோடும் எங்கள் அன்போடும்,
தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். பிழை ஒன்றும் இல்லை, தேறிவிட்டாய்.

போன் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் மணி அடித்தாலே வார்டிலிருந்துதான் என்று தோன்றுகிறது. நீதான் என்று திரையில் தெரிந்தாலும் கை போகமாட்டேன் என்கிறது. கடிதம் தேவலை. அது அடிக்காது.

எங்கள் குழந்தைகள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள், நாற்பத்தைந்து குழந்தைகள். ஐந்து டாக்டர்கள் இருந்தோம். ஒருவர் மாற்றலில் போனார், ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மிச்சம் மூன்று பேர்: நான், முதுகுவலியோடு நடமாடும் நரைத்த டாக்டர் ஒருவர், இந்த வருஷம்தான் படிப்பை முடித்து வந்த ஒரு பெண். அவளை எல்லோரும் சின்ன டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். குழந்தையோடு சேர்ந்து அவளும் அழுதுகொண்டே ஊசி போடுவாள். ஆனால் குறி தப்பாது. மார்ச் வரைக்கும் சமாளித்துவிட்டால் போதும், புது ஆள் போடுவதாக ஆஸ்பத்திரித் தலைவர் சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்களுக்குப் பெரிய டாக்டர்.

குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயேதான். ஜன்னலைத் திறந்தால் வார்டின் பின்வாசல் தெரியும், அதனால் திறப்பதில்லை. துவைத்த துணியை மடிக்க நேரமில்லாமல் நாற்காலியில் போட்டுப் போட்டு, இப்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. மற்றபடி நன்றாகவே இருக்கிறேன்.

ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நீ தூரப் பயண வண்டிகளுக்கல்லவா பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாய்? அம்மா கூட அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாளே. ஏன் டவுன் பஸ்ஸுக்கு மாறினாய்? நீ சொல்லவே இல்லை.

அம்மாவிடம் சொல். எட்டாம் தேதி மாலை பஸ்ஸில் ஏறி, விடிவதற்குள் வந்துவிடுவேன். சத்தியமாக.

சிட்டுவின் ஓட்டைப் பல்லுக்கு ஒரு முத்தம். நான் நன்றாக இருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா நீ கிளம்பும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள். ஒரு கண் மங்கலாகத் தெரிவதால் வட்டம் எட்டைத் தாண்டி ஒன்பதையும் பத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. அதனால் மூன்று நாள் இருந்தாக வேண்டும்.

ஒரே கடிதத்தில் 'நன்றாக இருக்கிறேன்' என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். என் டிரைவர்களில் யாராவது ஒரே பேச்சில் மூன்று தடவை அப்படிச் சொன்னால் நான் சாவியைக் கொடுக்கமாட்டேன். ஒன்று செய். போன வாரம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம். எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.

தூர வண்டிப் பிரிவு பற்றிக் கேட்டாய். அது பழைய கதை. டவுன் பஸ் என்றால் வீட்டுக்கு நேரத்தோடு வரலாம், அவ்வளவுதான்.

என் மனைவி, வரும்போது அந்த நாற்காலித் துணியை எல்லாம் அப்படியே மூட்டையாகக் கட்டி எடுத்துவரச் சொல்கிறாள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

நலம். நீ கேட்ட கணக்கு இதோ. திங்கள் காலை எட்டுக்குப் போய்ச் செவ்வாய் மாலை ஐந்துக்கு வந்தேன். புதன் எட்டிலிருந்து எட்டு. வியாழன் காலை எட்டுக்குப் போய் வெள்ளி மாலை நாலு. சனி எட்டிலிருந்து ஐந்து. ஞாயிறு 'கூப்பிட்டால் மட்டும்.' கூப்பிட்டார்கள், ஏழு மணி நேரம். கூட்டிப் பார்த்தேன், தொண்ணூற்று மூன்று வருகிறது. போதுமா? எழுதி முடித்ததும் எனக்கே யாரோ ஒரு முரடன் போட்ட கணக்கு மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். பஸ்ஸை நிறுத்தி வைக்கலாம். மூச்சுத் திணறும் குழந்தையை 'எங்கள் டாக்டருக்கு ஓய்வு நேரம், நாளைக்கு வா' என்று நிறுத்தி வைக்க முடியாது. இருபத்து நான்கு வயதில் இந்த வேலைக்கு வந்தபோதே இது இப்படித்தான் என்று தெரிந்துதான் வந்தேன். எல்லா டாக்டர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள். நான் மட்டும் என்ன மெழுகுப் பொம்மையா?

நேற்று ஒரு தாய் ஒரே கேள்வியை நான்காவது தடவையாகக் கேட்டாள். "உங்களுக்குக் காது கேக்காதா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவள் என்னிடம்.

எட்டாம் தேதி கிளம்பி வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

அம்மா தேறிவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் இருபது நிமிஷத்தில் முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடா இவ்வளவு நரைச்சிட்ட?" என்று கேட்டாள். பார்வை நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஒன்பதாம் தேதி விடிவதற்கு முன்பே நானும் சிட்டுவும் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டோம். மூன்று வண்டிகள் வந்தன. மூன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை சிட்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் நீ அனுப்பியிருந்தாய்: 'வர இயலாது. ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்து தினமும் நான்கு வேளை. கண்ணைக் கசக்கக் கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.'

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வேலை இருந்திருக்கும்டா" என்றாள். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகிறவரை நல்ல கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள். என் மனைவி இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள்: "அண்ணி வராததுல எனக்குக் கோவமில்லங்க. அவங்க எழுதினத பாத்தீங்களா? பெத்த அம்மாவுக்கு எழுதின மாதிரியா இருக்கு? அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு."

எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் கோபத்தை விடக் கூடுதலாக உறுத்துகிறது. என்ன ஆயிற்று உனக்கு? திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 6

அக்கா,

மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. கோபம் எல்லாம் போய்விட்டது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு வரி போட்டால் போதும். அம்மாவிடம் நீ எழுதியதாகவே சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 13

டாக்டரின் தம்பிக்கு வணக்கம்.

வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் அக்கா வேலை செய்யும் குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன், மூத்த சிஸ்டர் என்பார்கள். உங்கள் விலாசத்தை உறையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தேன். டாக்டருக்கு முடியாமல் போன ஒரு மத்தியானம் அவரை அறையில் விடப் போனபோது மேசையைப் பார்த்தேன். உங்கள் கடிதங்கள் பிரித்தபடி இருந்தன. பக்கத்தில் நான்கு தாள்கள். நான்கிலும் 'அன்புள்ள தம்பிக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் எட்டாம் தேதி மாலை அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருந்தார். மத்தியானம் இரண்டு மணி. இதயக் கோளாறுள்ள ஒரு கைக்குழந்தைக்கு மருந்து எழுதினார். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து என்று இருக்க வேண்டியது, பூஜ்யம் புள்ளி ஐந்து என்று இருந்தது. பத்து மடங்கு. "டாக்டர், இத ஒரு தடவ வாசிங்க" என்று நீட்டினேன். "புள்ளி அஞ்சு. சரியாத்தானே இருக்கு?" என்றார். மறுபடி நீட்டினேன். அதையேதான் சொன்னார். மூன்றாவது தடவையும் அப்படித்தான். நான் மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "குழந்தையோட எடை என்னன்னு உங்க வாயால சொல்லுங்க டாக்டர்" என்றேன். "ஆறு கிலோ" என்றார். சொன்னதும் அவர் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன்.

மருந்து உள்ளே போகவில்லை. குழந்தை நன்றாகி வீட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கே பெரிய டாக்டரிடம் போய் நடந்ததை இவரே சொன்னார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலல்ல? விடுங்க. இனிமே கவனமா இருங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது, அவருக்கு.

இவருக்கு முடியவில்லை. ஒவ்வொரு சீட்டையும் ஐந்து தடவை பார்க்கிறார். வேலை முடிந்தாலும் வார்டை விட்டுப் போவதில்லை. சாப்பிடச் சொன்னால் தலையாட்டுகிறார், தட்டு அப்படியே இருக்கிறது. யாரோடும் பேச்சில்லை. நல்ல டாக்டர்கள் இப்படித் தேய்ந்து போனதை இதே வார்டில் நான் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். அப்போது வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

போனில் பேசுவது உதவாது. நேரில் வாருங்கள். நான் எழுதியதை அவரிடம் நீங்கள் மறைக்க வேண்டாம். நானே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
மூத்த சிஸ்டர்


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

மூத்த சிஸ்டர் எழுதினார். எல்லாம் தெரியும். சனிக்கிழமை காலை வருகிறேன். நான் வருவதற்குள் நீ இதை வாசித்திருக்க வேண்டும். ஏனென்றால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தூர வண்டிப் பிரிவிலிருந்து ஏன் மாறினேன் என்று கேட்டாயே. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, பத்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு ஒரு டிரைவர் இறங்கினார். நாங்கள் அவரை வாத்தியார் என்போம், புது ஆட்களுக்கெல்லாம் அவர்தான் பழக்கிவிடுவார். அடுத்து போக வேண்டியவர் வரவில்லை. வண்டி நிறைய ஆட்கள். என்னைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். "வாத்தியாரே, இன்னொரு நடை முடியுமா?" என்று கேட்டேன். "ஒரு டீ குடுங்க சார், போயிட்டு வந்துடுறேன்" என்றார். பட்டியலில் அவர் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் வண்டி ஒரு பாலத்துச் சுவரில் மோதியது. சாவு இல்லை. நான்கு பேருக்கு எலும்பு முறிவு. வாத்தியாருக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று.

விசாரணை வைத்தார்கள். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மறு மாதம் மாற்றல் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. என் மனைவிக்கு நேற்றுத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "முடியுமா?" என்று கேட்பதில்லை. கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார்கள். "எப்ப தூங்கின?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.

உன் சீட்டில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனது. அந்தப் பேனாவைப் பிடித்திருந்தது நீதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது மணி நேரம் விழித்திருந்த ஒருத்தியின் கையில் பேனாவைக் கொடுத்தவர்கள் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது கேட்காமல் விட்டவனின் பக்கத்திலிருந்து தெரியும்.

லீவு எழுதி வை. மூன்று வாரம். கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன்.

தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்பதைப் போன மாதமே போனில் சொல்லிவிட்டேன். மற்றதை எழுதத்தான் வருகிறது. உன் பிடரிவலி எப்படி இருக்கிறது? நான் சொன்ன தலையணையை வாங்கினாயா?

உங்கள் வீட்டில் முதல் வாரம் தூங்கினேன். இரண்டாம் வாரம் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வாரம் பென்சில் டப்பாவுக்காகச் சிட்டுவோடு மல்லுக்கு நின்றேன். அதைப் பார்த்துத்தான் உன் மனைவி, "அண்ணி தேறிட்டாங்க" என்றாள்.

அங்கே இருந்தபோது உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஜனவரியில் ஒரு குழந்தை இறந்தது. நான்கு வயது. அதன் தாயிடம் சொன்னேன், சான்றிதழில் கையெழுத்திட்டேன், திரும்பி வரும்போது பிளாஸ்கில் தேநீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளே ஒன்றுமே ஆகவில்லை. காலிப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பதினான்கு வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை. பூஜ்யம் விட்டுப்போனதை விட அதுதான் எனக்குப் பயம். அதனால்தான் அம்மாவைப் பார்க்க வருவதற்கும் பயந்தேன். அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள், எனக்கு ஒன்றும் தோன்றாமல் போய்விட்டால்?

இப்போது வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் ஒருவரிடம் போகிறேன். முதல் நாள் வெட்கத்தோடு, "நானும் டாக்டர்தான்" என்றேன். "செவ்வாய்க்கிழமை இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் டாக்டர்தாங்க, உக்காருங்க" என்றார். இது சோம்பேறித்தனமோ மனப்பலவீனமோ இல்லை, நெடுநாள் ஓய்வில்லாமல் உழைத்தவர்களுக்கு வரும் கேடு, கால் பிசகினால் வீங்குவது மாதிரிதான் என்கிறார். நான் மற்றவர்களுக்கு நூறு தடவை சொல்லக்கூடிய விஷயம். கேட்டுக்கொண்டிருந்தபோது புதுசாக இருந்தது.

திங்களன்று மாதக் கூட்டம். பெரிய டாக்டர் கட்டில் கணக்கை வாசித்து முடித்து, "வேற ஏதாவது?" என்று வழக்கம்போல எழுந்திருக்கப் போனார். நான் எழுந்து நின்று மார்ச் எட்டாம் தேதியைச் சொன்னேன். எத்தனை மணி நேரம் விழித்திருந்தேன், என்ன எழுதினேன், எத்தனை தடவை வாசித்தும் தெரியவில்லை, யார் தடுத்தார், எல்லாவற்றையும். முதலில் வாயைத் திறந்தது நரைத்த டாக்டர். "போன மாசம் கார்ல சாவியப் போட்டுட்டு வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். இருபது வருஷமா போற வழி" என்றார். சின்ன டாக்டர் தலையைக் குனிந்தபடியே, "நான் ராஜினாமா எழுதி வச்சிருக்கேன் சார். தேதி மட்டும் போடல" என்றாள்.

பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆளே இல்லன்னா நான் எங்க போய் செய்றது?" என்றார். மூத்த சிஸ்டர் கதவோரத்திலிருந்து, "ஆள் இல்லன்னா கட்டில கொறைங்க சார். ரெண்டுமே முடியாதுன்னா எப்படி?" என்றார். பெரிய டாக்டர் கட்டில் கணக்குத் தாளை மடித்துக்கொண்டு, "சரி. இருக்கிற ஆள வச்சு ஒரு பட்டியல் போட்டுக் கொண்டாங்க, பாக்கலாம்" என்று போய்விட்டார்.

எனக்கு நோயைப் பிடிக்கத் தெரியும். பட்டியல் போடத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். தலையணை வாங்கினேன், சிட்டு பிடுங்கிக்கொண்டாள்.

பட்டியலுக்கு வருகிறேன். எடுத்தவுடன் வேலையை எழுதாதே, ஓய்வை எழுது. யார் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று கட்டத்தை நிரப்பிவிட்டு, மீதிக் கட்டத்தில் வேலையைப் போடு. பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பேர் ஒரே வரிசையில் வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடு. யாராவது வராவிட்டால் அடுத்து யார் என்று பேர் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நின்று யோசித்தால் நல்லவன் தலையில்தான் கட்டுவோம். டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலைகளைத் தனியாகக் குறி. பட்டியலை நீ போடாதே, மூத்த சிஸ்டரைப் போடச் சொல். நீ போட்டால் உன் பேரையே எல்லாக் கட்டத்திலும் எழுதுவாய். கடைசியாக, அந்த மாற்று ஆள் வரிசையில் கடைசிப் பேர் பெரிய டாக்டருடையதாக இருக்கட்டும். சிரிக்காதே. எங்கள் மேலாளர் பேர் இருக்கிறது. இரண்டு தடவை டவுன் பஸ் ஓட்டியிருக்கிறார். ஒரு நிறுத்தத்திலும் நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

போன ஞாயிறு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நீ கூட்டத்தில் எழுந்து நின்றதை வாசித்த பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு ரேடியோவைப் பிரித்து வேலை செய்துகொண்டிருந்தார். "அன்னிக்கு உங்க பேர எழுதினது நான்தான். விசாரணையில சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைக்கவே இல்லை. "நீங்க எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாதா சார்? நானும்தான் முடியும்னேன். அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் கெடயாது. ஏழு வருஷமா இந்தப் பக்கமே வரல பாருங்க, அதுக்குத்தான் கோவம்" என்றார். நெடுநேரம் ரேடியோவின் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டபோது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். விசாரணைக் காகிதத்தைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வார லீவில் வருவதாக இருந்தேன், அடுத்த வாரம்தான் என் முறை. அம்மாவைக் காக்க வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடு. எனக்குப் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, இரண்டும் அதனதன் நேரத்தில். இதற்கு மேல் நலம் என்று எழுத ஒன்றும் இல்லை.

உன் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். முதல் மாதம் இரண்டு தடவை குழம்பியது. பெரியவர்கள் வார்டிலிருந்து ஒரு டாக்டரை வாரம் மூன்று நாள் இரவல் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டுகளை ஒரு எழுத்தர் எழுதுகிறார், நாங்கள் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறோம். ஆறு கட்டில்களைக் குறைத்திருக்கிறார்கள். புது டாக்டர் இன்னும் வரவில்லை. நரைத்த டாக்டர் வருஷ முடிவில் ஓய்வு பெறப் போகிறாராம், முதுகு கேட்கவில்லை என்கிறார். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். காலை எட்டு மணி, டியூட்டி மாறும் நேரம். சின்ன டாக்டர் வந்தாள். கோட்டைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அக்கா, இன்னிக்கு என்னால முடியாது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஊசியப் பிடிச்சா கை நடுங்குது" என்றாள். அழவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லவில்லை. மூத்த சிஸ்டர், "சரி, போய்ப் படுங்க" என்று பட்டியலில் விரல் வைத்தார். நான் வெளிநோயாளிகள் பிரிவில் இருக்க வேண்டும். நரைத்த டாக்டருக்கு ஓய்வு. இரவல் டாக்டரின் நாள் இல்லை. விரல் கீழே இறங்கி இறங்கிக் கடைசிப் பேரில் நின்றது. என் வாய் என்னை அறியாமல், "நானே ரெண்டையும் பாத்துக்..." என்று ஆரம்பித்தது. சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பெரிய டாக்டர் வந்தார்! பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வார்டில் கால் வைக்கிறார். வெள்ளைக் கோட்டில் நடுப் பொத்தான் சேரவில்லை. காய்ச்சல் அட்டை எங்கே தொங்குகிறது என்று மூன்று பேரிடம் கேட்டாராம். ஏழாம் கட்டில் குழந்தை மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்கவில்லையாம். ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் தொட்டுப் பார்த்தார், ஒரு சீட்டையும் சிஸ்டருக்கு வாசித்துக் காட்டாமல் விடவில்லை. நான்கு மணிக்கு என் மேசைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தினமும் இப்படித்தானா?" என்றார். "இன்னிக்குக் கூட்டம் கம்மி சார்" என்றேன். "என் பேர் அடுத்து எப்ப வருது?" என்று கேட்டார். "பதினெட்டாம் தேதி மறுபடி மாற்று ஆள் நீங்கதான்" என்றார் கூடவே வந்திருந்த சிஸ்டர். "அன்னிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருக்கே." "கூட்டத்த மாத்துங்க சார்." அவர் பையிலிருந்து டைரியை எடுத்து, எதையோ அடித்துவிட்டு, வேறு பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

இன்று காலை சின்ன டாக்டர் வந்தாள். தலையைப் பின்னியிருந்தாள், முகம் கழுவின மாதிரி தெளிந்திருந்தது. யாரும் அவளைச் சூழ்ந்துகொள்ளவில்லை, ஒருவரும் விசாரிக்கவில்லை. ஏழாம் கட்டில் குழந்தையின் தாய் மட்டும், "நேத்து எங்க போயிட்டீங்க டாக்டரம்மா, காணோமே?" என்று கேட்டாள்.

"வீட்டுல தூங்கினேங்க" என்றாள் அவள்.

அந்தத் தாய், "நல்லது" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. அம்மாவின் கையை என் சார்பில் ஒரு தடவை பிடித்து விடு.

அக்கா